பூச்செடிக்குள் ஒரு மைக்

டப்பிங் தியேட்டரில் ஒலிப்பதிவு உதவியாளனாகச் சேர்ந்த முதல் மாதம். அழுகைக் காட்சிக்குக் குரல் கொடுக்க வந்த ஓர் அம்மாவிடம் வளையலைக் கழற்றச் சொல்லக் கூச்சப்பட்டு, அப்படியே பதிவு செய்துவிட்டேன். அருமையாகத்தான் அழுதார். மறுநாள் போட்டுக் கேட்டால் ஒவ்வொரு விம்மலுக்கும் ஒரு ‘கிணிங்’. எங்கள் தலைமை ஒலிப்பதிவாளர் திட்டவில்லை. “இன்று இரவு ‘சிங்கின் இன் த ரெயின்’ பார்த்துவிட்டு வா” என்றார்.

1952-இல் எம்.ஜி.எம். என்ற ஹாலிவுட் நிறுவனம் தயாரித்து, ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் இயக்கிய படம். மழையில் குடையோடு ஆடும் ஆட்டத்துக்காகத்தான் ஊரே அதை நினைவில் வைத்திருக்கிறது. எங்கள் தொழில்காரர்களைக் கேட்டால் வேறு காட்சியைச் சொல்வார்கள். கதை நடப்பது 1927-இல். ‘தி ஜாஸ் சிங்கர்’ என்ற பேசும்படம் வெற்றி பெற்ற கையோடு, ஊமைப்பட ஸ்டுடியோ ஒன்று அவசர அவசரமாகப் பேசும்படம் எடுக்கக் கிளம்புகிறது. நாயகி லீனாவுக்கோ தகரத்தில் ஆணி கீறுகிற குரல்.

மைக்கைப் பூச்செடிக்குள் ஒளித்து வைக்கிறார்கள். அவள் முகத்தைத் திருப்பும்போதெல்லாம் பாதி வசனம் காற்றோடு போகிறது. உடைக்குள் வைத்துத் தைக்கிறார்கள். வசனத்தை அமுக்கிக்கொண்டு இதயத் துடிப்பு கேட்கிறது. தோளுக்கு மாற்றுகிறார்கள். உள்ளே வரும் முதலாளி, தரையில் கிடக்கும் ஒயர் ஆபத்தென்று பிடித்து இழுக்க, மறுமுனையில் இருக்கும் லீனா கவிழ்ந்து விழுகிறாள். வெளியீட்டுக்கு முன் ரசிகர்களுக்குப் போட்டுக் காட்டும்போது, அவள் விரல்களுக்கிடையே உருளும் முத்துமாலை தியேட்டரையே அதிர வைக்கிறது. அந்த இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரிதாக மிகைப்படுத்தவும் இல்லை. கேமரா போடும் சத்தம் பதிவாகிவிடும் என்று, அந்நாளில் கேமராவோடு கேமராமேனையும் சேர்த்துக் கண்ணாடி வைத்த பெட்டிக்குள் அடைத்தார்கள். மனிதன் வெந்துபோகும் அந்தப் பெட்டிக்கு ‘ஐஸ்பெட்டி’ என்று பெயர். எந்தக் குறும்பன் வைத்தானோ!

கதைப்படி லீனாவுக்காக மறைவில் குரல் கொடுப்பவள் கேத்தி. கடைசியில் திரைச்சீலை மேலேறி உண்மை வெளிப்படுகிறது. ஆனால் கேத்தியாக நடித்த 19 வயது டெபி ரெனால்ட்ஸ், லீனாவுக்காகப் பாடுவதாக வரும் ‘உட் யூ’ பாட்டைத் தான் பாடவில்லை. பாடியவர் பெட்டி நாய்ஸ். லீனாவுக்காகக் கேத்தி வசனம் பேசுகிறாளே, அங்கே கேட்பது லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரல். இரவல் குரலின் அநியாயத்தைக் கதையாக்கிய படத்தின் டைட்டிலில் பெட்டி நாய்ஸின் பெயர் இல்லை.

மறுபதிவுக்கு அந்த அம்மா வந்தார். பதிவுத் தாளில் ரீல் எண், காட்சி எண், நடிகையின் பெயர் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. குரல் கொடுப்பவருக்கு இல்லை. ஓரத்தில் பென்சிலால் அவர் பெயரை எழுதிக்கொண்டு, ஒருவழியாக வளையல் விஷயத்தைச் சொன்னேன்.

“முன்பே சொல்லியிருக்கலாமே தம்பி” என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்தார். மைக் முன்னால் போய் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

“கொலுசு பரவாயில்லையா?”