கறிக்குக் கொஞ்சம் சோறு

உடம்பு குறைக்க என்ன வாங்குவது என்று யாராவது கேட்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஏன் வாங்க வேண்டும்? சுப்பர்மார்க்கட்டில் சியா விதைப் பைக்கற்றைத் திருப்பித் திருப்பி விலை பார்த்து, ஓட்ஸ், கினோவா, அப்பிள் சைடர் வினிகர் என்று கூடையை நிரப்பி, அதையெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கி, சம்பளம் முடிந்ததும் பழையபடி பாணுக்கும் பொரியலுக்கும் திரும்புகிற ஆட்கள் கொழும்பு வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஓட்ஸ் கூடாது என்றில்லை, நல்ல சாப்பாடுதான். ஆனால் அறுபது வயதிலும் அதையே சாப்பிடுவீர்களா? மாட்டீர்கள் என்றால் அதில் தொடங்காதீர்கள். நம் குசினியில் இருக்கிற சாமானை வைத்தே மெலியலாம் என்பதுதான் என் கட்சி.

முதலில் சோறு. அதை விடச் சொல்லப் போவதில்லை, பயப்பட வேண்டாம். அவித்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி, அதில் பெரிய குற்றமொன்றும் இல்லை. சிக்கல் நம் வழக்கத்தில் இருக்கிறது: சாப்பாட்டுக் கோப்பையில் முதலில் குவியலாகச் சோறு, அதன் உச்சியில் பருப்பு, ஓரத்தில் ஒரு கரண்டி கத்தரிக்காய், சாட்டுக்குக் கொஞ்சம் கீரை. சோற்றை உள்ளே தள்ளுவதற்குத்தான் கறி. இதைத் தலைகீழாக்கினால் பாதி வேலை முடிந்தது. இரண்டு மரக்கறியைக் கோப்பையின் பாதிக்குப் பரப்புங்கள், பிறகு மீனோ முட்டையோ பருப்போ, கடைசியில் மிச்ச இடத்துக்குச் சோறு. இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் சோற்றை முதலில் போட்டால் கை தானாகப் பழைய அளவுக்குப் போய்விடும். எங்கள் மாமி "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே?" என்று அகப்பையோடு நிற்கும்போது வேண்டாம் என்றால் மனம் நோவார், அதனால் "கீரை இருந்தால் போடுங்கோ மாமி" என்பேன். அவருக்கும் சந்தோசம், எனக்கும் பிரச்சினை தீர்ந்தது.

சிவப்பரிசி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று ஒரு நம்பிக்கை உலாவுகிறது. கலோரியில் வெள்ளைக்கும் சிவப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. தவிடு தீட்டப்படாமல் இருப்பதால் நார்ச்சத்து கூட, மெல்ல வேண்டியிருக்கும், பசி பிந்தி வரும், அவ்வளவுதான். ஊரிலிருந்து மொட்டைக்கறுப்பன் அரிசி யாராவது கொண்டுவந்தால் விடாதீர்கள், ஆனால் அளவு அளவுதான்.

அப்புறம் கறி. மரக்கறி கூடச் சாப்பிடு என்று எல்லோரும் சொல்வார்கள், அது எப்படிச் சமைக்கப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. கத்தரிக்காயை எடுங்கள். பச்சையாக 100 கிராமில் 25 கலோரி அளவுதான், ஆனால் பால்கறிக்கு அதைப் பொரிக்கும்போது பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடித்துவிடும். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் சுமார் 120 கலோரி, பொரிக்கிற சட்டிக்குள் எத்தனை கரண்டி போகிறது என்று சமைக்கிறவருக்கே தெரியாது. எங்கள் வீட்டில் இப்போது கத்தரிக்காயைத் தணலில் சுட்டுப் பச்சை மிளகாய், வெங்காயம், தேசிக்காயோடு சம்பலாக்குகிறோம், இல்லாவிட்டால் பொரிக்காமலே குழம்பு. வாழைக்காயும் பாகற்காயும் இதே கதைதான். தேங்காய்ப்பாலை நிறுத்தச் சொன்னால் நான் வீட்டைவிட்டே போக வேண்டி வரும் (சொதியில்லாத இடியப்பமா?), ஆனால் சொதிக்கு இரண்டாம் பால் போதும், முதற்பாலை ஒரேயொரு கறிக்கு வைத்துக்கொள்ளலாம். முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, பயற்றங்காய், கோவா, பூசணி: வெள்ளவத்தை மார்க்கட்டில் காலையில் போனால் கீரைக்கட்டு வாடாமல் கிடைக்கும், மரக்கறியை இப்படிக் கூட்டினால் மாதச் செலவு ஓட்ஸ் பைக்கற்றுகளை எட்டாது.

பசி தாங்குவதற்குப் புரதம் வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள், குறிப்பாகக் காலையில். இடியப்பமும் சம்பலும், பாணும் ஜாமும், புட்டும் வாழைப்பழமும் என்று வெறும் மாச்சத்தாகச் சாப்பிட்டுவிட்டு பத்து மணிக்கு ஒபிஸ் கன்டீனில் ரோல்ஸ் தேடுவது. அதே இடியப்பத்தில் நாலைந்தைக் குறைத்து ஒரு அவித்த முட்டை வையுங்கள், அதில் எழுபது சொச்சம் கலோரிதான், புரதம் 6 கிராம். அல்லது கௌப்பி, பயறு, கடலை ஏதாவது அவித்து, வெங்காயம் செத்தல் மிளகாய் தாளித்து, தேங்காய்ப்பூவை ஒரு சிட்டிகையோடு நிறுத்துங்கள். கெட்டியாக அவித்த பருப்பு 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதம் இருக்கிறது, தண்ணியாகக் கரைத்து ஊற்றினால் அதற்கேற்பக் குறையும். மீனில் அறுக்குளாதான் மீன் என்று நினைக்க வேண்டாம். சாளை, கும்பளா, சூரை விலையும் குறைவு, சத்தும் குறைவில்லை. குழம்பு வையுங்கள், பொரியலை ஞாயிற்றுக்கிழமைக்கு விடுங்கள். நெத்தலிக் கருவாட்டில் உப்புக் கூட என்பதால் நன்றாகக் கழுவ வேண்டும்.

பாண். இதற்கு எனக்கு மனம் வருவதில்லை, ஏனென்றால் பின்னேரம் பாண் ஆட்டோவின் பாட்டு ஒழுங்கைக்குள் வந்தாலே வாய் ஊறுகிறது. ஒரு றாத்தல் பாண் 450 கிராம், அதில் ஏறக்குறைய 1200 கலோரி. கால் றாத்தல் என்பது 300, சுமார் 230 கிராம் சோற்றுக்குச் சமம், ஆனால் அவ்வளவு சோறு சாப்பிட்ட நிறைவு வராது. அதே ஆட்டோவில் மீன் பணிஸும் பற்றிஸும் இருக்கும், பற்றிஸ் மாவிலும் கொழுப்பு, பொரிப்பதிலும் கொழுப்பு. வாரத்தில் ஒரு நாள் என்று வைத்து ரசித்துச் சாப்பிடுங்கள். மற்ற நாளில் கச்சான் ஒரு கைப்பிடி, கொய்யாப்பழம், பப்பாசி.

பிளேன்ரீயைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, அதனால்தான் நீட்டி எழுதுகிறேன். நாலு கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் ஒரு நாளைக்கு எட்டுக் கரண்டி, 30 கிராமைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் சேர்க்கிற சீனியை 50 கிராமுக்குள் வைக்கச் சொல்கிறது, 25 என்றால் இன்னும் நல்லது என்கிறது. தேத்தண்ணி மட்டுமே அந்த 25-ஐத் தாண்டிவிட்டது, பிஸ்கட்டும் நெக்டோ சோடாவும் இன்னும் கணக்கில் வரவில்லை. அரைக் கரண்டி அரைக் கரண்டியாகக் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். பனங்கட்டி ஆரோக்கியம் என்று அள்ளிப்போடுகிறவர்களுக்கு: கலோரி ஏறக்குறைய சீனிதான். ஆனால் ஒரு சின்னத் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு கசப்புத் தேத்தண்ணி குடிக்கிற பழைய முறையில் கொஞ்சமாகத்தான் உள்ளே போகும். இலங்கையில் போத்தல் பானங்களில் 2016-இலிருந்து வட்டமாக ஒரு நிறக் குறி இருக்கிறது: 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. மஞ்சளைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். 10 கிராம் என்றாலும் மஞ்சள்தான், 200 மில்லிப் பெட்டி ஒன்றில் 20 கிராம், பிள்ளைகளின் பாடசாலைப் பையில் போவதும் பெரும்பாலும் அதுதான்.

மத்தியானம் கடைப் பார்சல் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சோற்றை இரண்டு பேர் சாப்பிடுகிற அளவுக்கு அமத்திக் கட்டுவார்கள். "பத் அடுவென், எலவலு வெடியென்" என்று சிங்களத்தில் சிரித்துக்கொண்டு கேளுங்கள், சோறு குறையும், மரக்கறி கூடும். ஒரு கிழமை கேட்டால் அப்புறம் உங்களைக் கண்டதும் அவர்களே அப்படிக் கட்டிவிடுவார்கள். பப்படத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கும் இன்னும் வாய் வரவில்லை.

விரதம் பிடித்தால் மெலியலாமா என்று கேட்கிறார்கள். கடவுளுக்காகப் பிடியுங்கள், தராசுக்காக வேண்டாம். பகல் முழுக்கப் பட்டினி கிடந்து பின்னேரம் வடை, பாயாசம், மூன்று அகப்பை சோறு என்று பாறணை (விரதம் முடிக்கிற சாப்பாடு) நடந்தால் கணக்கு நட்டத்தில்தான் முடியும்.

வேகம் வாரத்துக்கு அரைக் கிலோ போதும். அதிவேகமாக மெலிந்தால் தசையும் சேர்ந்து போகும், பித்தப்பையில் கல் வருகிற வாய்ப்பும் கூடும். தராசைவிட அளவுநாடா நல்லது: நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். சீனி வருத்தத்துக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைப்பதற்கு முன் டொக்டரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கிவிடும்.

பெருநாளுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பிரியாணி வந்தால் நான் சாப்பிடுவேன், இதில் பேச்சுக்கே இடமில்லை. ஒரு கோப்பை, பக்கத்தில் வெள்ளரிக்காய்ச் சம்பல் நிறைய, மிச்சம் மச்சானுக்கு. அடுத்த நாள் காலையில் அவித்த பயறு.