ரப்பரால் அழித்த 40.6

முதலாண்டு பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு இந்த வாரம் தனி ஊசல். ஒரு குண்டு, ஒரு மீட்டர் நூல், ஒரு ஸ்டாப்வாட்ச், அவ்வளவுதான். இருபது அலைவுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, அதை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். பன்னிரண்டு குழுக்களில் பதினொன்று 9.8 அல்லது 9.81 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு குழு மட்டும் 9.72 என்று எழுதிவிட்டு, நோட்டை நீட்டவே தயங்கி நின்றது.

தமிழ்நாட்டுச் சமவெளியில் எங்கே அளந்தாலும் இந்த மதிப்பு 9.78-ஐ ஒட்டித்தான் இருக்கும். 9.81 நம்ம ஊர் எண்ணே இல்லை, பாரிஸில் அளந்தால் வருவது. பூமி சுழல்வதாலும், நடுவில் கொஞ்சம் புடைத்திருப்பதாலும், நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஈர்ப்பு குறைகிறது. ஆக, அந்தப் பதினொரு குழுவும் வேறு ஏதோ ஊரின் ஈர்ப்பை எங்கள் லேபில் உட்கார்ந்து அளந்திருக்கிறார்கள்!

ஒரு பெண்ணின் ரஃப் நோட்டை வாங்கிப் பார்த்தேன். இருபது அலைவுக்கு 40.12 வினாடி என்று, அதாவது 9.81 வருகிற மாதிரி, அழுத்தமாக எழுதியிருந்தது, அதன் அடியில் ரப்பரால் அழித்த 40.6 மங்கலாகத் தெரிந்தது. "ஏம்மா அழிச்ச?" என்று கேட்டேன். "தப்பா வந்துச்சு சார்."

சரி, மறுபடி செய்து காட்டு என்றேன். குண்டைப் பிடித்து நன்றாக இழுத்து விட்டாள், இருபத்தைந்து டிகிரி இருக்கும். அவ்வளவு அகலமாக ஆடினால் அலைவு நேரம் ஏறக்குறைய 1.2 சதவீதம் கூடிவிடும், சூத்திரம் சிறிய கோணத்துக்குத்தான் பொருந்தும். நம்ம ஊர் 9.78-க்கு 40.18 வர வேண்டிய இடத்தில் 40.66 வரும். அவள் அழித்த எண் ஏறக்குறைய அதேதான்! ஊசல் அவளிடம் ஒரு நல்ல பாடத்தைச் சொல்லியிருக்கிறது, அதை அவள் ரப்பரால் தேய்த்துவிட்டாள். எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது, ஏனென்றால் அப்படித் தேய்க்கச் சொல்லிக் கொடுத்தது நாம்தான்.

பிளஸ் டூவில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த இருபதை யாரும் இழப்பதில்லை. "லேபுக்குப் போனதே நாலு தடவைதான் சார்" என்று பிள்ளைகளே சொல்கிறார்கள், ஆனால் ரெக்கார்டு நோட்டு மட்டும் அட்டை போட்டு முழுசாக இருக்கும். கல்லூரியிலும் பெரிய மாற்றம் இல்லை. நான் எக்ஸ்டர்னலாகப் போன ஓர் இடத்தில், விடை புத்தக மதிப்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு மார்க் என்று அட்டவணையே போட்டு வைத்திருந்தார்கள். அப்புறம் எந்தப் பிள்ளை உண்மையான ரீடிங்கை எழுதும்?

1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேன் தீவுக்குப் போனார். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே ஒரு நாளைக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. அவர் அதைச் 'சரிசெய்து' எழுதவில்லை, அப்படியே பதிந்தார். பூமி நடுவில் புடைத்த உருண்டை என்று நியூட்டன் வாதிட்டபோது அந்த இரண்டரை நிமிடம் அவருக்குக் கைகொடுத்தது. நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. நில அளவைத் துறையின் பசேவி என்ற அதிகாரி 1860-களில் ஊசல்களைத் தூக்கிக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றினார், 1871-இல் லடாக்கின் உயரத்தில் அளந்துகொண்டிருக்கும்போதே இறந்துபோனார். இமயமலையின் அத்தனை பாறையையும் கணக்கில் சேர்த்தால் வர வேண்டிய அளவுக்கு அங்கே ஈர்ப்பு இல்லை. மலைக்கு அடியில் எடை குறைந்த வேர் ஆழமாக இறங்கியிருக்கிறது என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தது இந்த மாதிரி 'தப்பான' ரீடிங்தான்.

இதை லேப் விஷயம் என்று என்னால் விட முடியவில்லை. என் அம்மா பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மாதாமாதம் போய்வரும் கிளினிக்கின் சீட்டில் ஆறு மாதமாக 120/80, 120/80 என்றே இருந்தது. சந்தேகப்பட்டு வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கி ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்தோம், ஒரு நாள்கூட 150-க்குக் கீழே இறங்கவில்லை. அந்தச் சீட்டை எழுதியவரும் எங்கேயோ ஒரு லேபில் 9.81 எழுதி முழு மார்க் வாங்கியவராகத்தான் இருப்பார். எத்தனை பேருக்கு மருந்து வேண்டும், எந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர், எந்த ஊரில் எவ்வளவு மழை என்று அரசாங்கம் போடும் கணக்கெல்லாம் யாரோ ஒருவர் நின்று பார்த்து எழுதும் எண்ணில்தான் போய் நிற்கிறது. தரவு தரவு என்று கோடிக்கணக்கில் கணினிக்குச் செலவழிக்கிறோம். அந்த முதல் எண்ணை எழுதுகிற கைக்கு நாம் என்ன பயிற்சி கொடுத்தோம்?

பாடத்திட்டக் குழுவில் நான் கேட்கப்போவது ஒன்றுதான்: விடைக்கு மார்க் வேண்டாம். அழிக்காத ரீடிங்குக்கும், பிழை எவ்வளவு இருக்கலாம் என்ற கணக்குக்கும், ஏன் அப்படி வந்தது என்ற விளக்கத்துக்கும் கொடுங்கள். ரஃப் நோட்டைப் பேனாவில் எழுதச் சொல்லுங்கள். இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு பைசா செலவில்லை.

இருபது அலைவில் 9.78-க்கும் 9.81-க்கும் இடையே 0.06 வினாடிதான் வித்தியாசம், ஸ்டாப்வாட்சை அழுத்தும் கை அதைவிட அதிகமாகத் தடுமாறும். நூறு அலைவு என்றால் 0.3 வினாடி, பொறுமையாகப் பலமுறை எடுத்தால் பிடித்துவிடலாம். வியாழக்கிழமை எல்லாரையும் ஐந்து டிகிரிக்குள் ஆட்டி, நூறு அலைவு எண்ண வைத்தேன். சத்தமே இல்லாமல் லேபில் இருபத்தி நான்கு பேர் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த 40.6 பெண் மூன்று முறை எடுத்தாள்: 200.7, 201.1, 200.9. மூன்றையும் பேனாவில் எழுதியிருந்தாள். "மூணும் வேற வேறயா இருக்கே சார், பரவாயில்லையா?" என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன்.