பக்கம் ஒட்டிக்கொண்டது

"அந்த இடத்துல ஏதோ தாவின மாதிரி இருந்துச்சே டீச்சர். நீங்களா, பையனா?"

வயலின் போட்டியில் பிள்ளைகளுக்கு பியானோ பக்கவாத்தியம் வாசித்தவள் நான். சாப்பாட்டு மேசையில் நடுவர் இதை அதட்டிக் கேட்கவில்லை. ஒரு கையில் மீஹூன் தட்டு, இன்னொரு கையில் பென்சில், கக்கத்தில் மதிப்பெண் தாள். நானும் யோசிக்கவில்லை. "என்னோட பக்கம் ஒட்டிக்கிச்சு சார். அவன்தான் சமாளிச்சான்" என்றேன். அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டு, தாளில் எழுதியிருந்த எதையோ அழித்தார். ரப்பர் துகளை ஊதிவிட்டு, "பரவாயில்லையே, கெட்டிக்காரப் பையன்" என்றார்.

பக்கம் ஒட்டவில்லை. நான் வாசித்தது ஒளிநகல் தாள்கள், டேப் போட்டுச் சேர்த்து பியானோ மேல் நீளமாக விரித்து வைத்தவை. அந்த இடத்தில் திருப்புவதற்குப் பக்கமே கிடையாது. அவர் நாலடி நடந்து வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பாட்டு, மோசார்ட்டின் மூன்றாவது வயலின் கான்செர்ட்டோ, முதல் பகுதி. கான்செர்ட்டோ என்றால் தனி வயலினும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது; போட்டியில் ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பதில் என் பியானோ. முன்னால் டி மேஜர் சுருதியில் வந்த மெட்டு கடைசியில் ஜி மேஜர் சுருதியில் திரும்ப வரும். தாளைப் பார்க்காமல் வாசிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் அங்கேதான் கண்டம். ஒரே தெரு மாதிரி இருக்கும், திரும்ப வேண்டிய முனை மட்டும் வேறு. பையன் நாலு பாரை, அதாவது நாலு தாளக் கட்டத்தை, விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டான். போனது அவனுக்கே தெரியவில்லை. நான் இடது கையில் ஒரு ஜி சுரத்தை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தூக்கிவிட்டு, அடுத்த பாரில் போய்ச் சேர்ந்துகொண்டேன். கேட்பவருக்கு ஒரு சின்ன இடறல், அவ்வளவுதான்.

இதுவரை என் தொழில். பக்கவாத்தியம் என்றால் அதுதானே? கச்சேரியில் பாடகர் தாளம் தப்பினால் மிருதங்கக்காரர் இழுத்துப் பிடித்து சமத்தில் கொண்டுவந்து இறக்குவார். ஏன் செய்தாய் என்று அவரை யாரும் கேட்பதில்லை. ஆனால் கச்சேரியில் மதிப்பெண் தாள் இல்லை. இங்கே இருந்தது. என்னை அமர்த்தியதும் பணம் கொடுத்ததும் போட்டியை நடத்திய ஆர்க்கெஸ்ட்ரா, பையனின் பெற்றோர் அல்ல. அப்படியானால் மேடையில் நான் அவன் பக்கம், சாப்பாட்டு மேசையில் யார் பக்கம்?

வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "தோட்டத்துப் பையன், பாவம்னு தோணியிருக்கும்" என்றார். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார், பையன் பக்கத்து ஊர் பீடோங்கிலிருந்து பஸ்ஸில் வகுப்புக்கு வருகிறான், எல்லாம் உண்மை. நானும் கொஞ்ச நாள் அந்தக் காரணத்தை வைத்துக்கொண்டேன். ஆனால் அது நிற்காது. அன்றைக்கு அதே பாட்டை வாசித்த பெண்ணும் தோட்டத்துப் பிள்ளைதான். அவளும் அதே முனையில்தான் தடுமாறினாள். நான் அடுத்த வரியின் முதல் சுரத்தைக் கொஞ்சம் ஓங்கி அடித்து இடம் காட்டினேன். அவள் பிடித்துக்கொள்ளவில்லை. வில்லை இறக்கி, நடுவர்களைப் பார்த்து "சாரி" என்று சொல்லிவிட்டு, சரியான இடத்திலிருந்து மறுபடி தொடங்கி, ஒரு பாரைக்கூட விடாமல் முடித்தாள். அவளைப் பற்றி யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

பார்க்காமல் வாசிக்க வேண்டும் என்ற விதிமேலேயே எனக்குக் கோபம் உண்டு. மோசார்ட் இதை எழுதியது 1775-இல், பத்தொன்பது வயதில். மனப்பாடமாக மேடையேறுவது பியானோ மேதைகள் லிஸ்ட்டும் கிளாரா ஷூமனும் அடுத்த நூற்றாண்டில் பரப்பிய பழக்கம். அதற்கு எதற்கு இத்தனை மதிப்பெண்? இது நல்ல வாதம்தான். ஆனால் விதிகளை வகுத்த கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன், அங்கே வாயைத் திறக்கவில்லை.

பையன் ஜெயித்தான். நாலு பார் இல்லாவிட்டாலும் அவன் ஜெயித்திருப்பான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவனுடைய தொனி அப்படி. அப்படியானால் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று உடனே இன்னொரு குரல் கேட்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைக்க எனக்குத் தெரியவில்லை.

பரிசு, ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிப்பது. இந்தக் கான்செர்ட்டோ எங்களுக்குத் தோதானது. தந்தி வாத்தியங்கள், ஊதுவதில் இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன், அவ்வளவே. மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் எங்களுக்கு ஓபோ வாசிக்க ஆள் கிடைக்காததால் ஃபுளூட் வைத்துக்கொண்டோம். இரண்டாம் பகுதியில் மோசார்ட்டே ஓபோவை எடுத்துவிட்டு ஃபுளூட்தான் போட்டிருக்கிறார், அதனால் பாவமில்லை. ஹார்னுக்கு நான் கீபோர்டு.

முதல் ஒத்திகையில் பையன் அதே இடத்தில் தாவினான். ஒரு பியானோ கூடவே தாவும், ஒரு ஆர்க்கெஸ்ட்ரா தாவாது. ஆளுக்கொரு பக்கம் இழுத்து எல்லாம் நின்றுபோனது. கண்டக்டர் பார் எண்ணைச் சொன்னார். பையன் என் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாக, "டீச்சர், அன்னைக்கு உங்களுக்குப் பக்கம் ஒட்டிக்கிச்சே, அதே இடம்தானே?" என்றான். நடுவர் அவனிடம் சொல்லிப் பாராட்டியிருக்கிறார் போல. "ஆமாம்பா" என்றேன். இரண்டாம் வயலின் வரிசையில் அந்தப் பெண் இருந்தாள். பாட்டு அவளுக்கும் மனப்பாடம். "அண்ணே, நாலு பார் விட்டுட்டீங்க. ஜிக்குத் திரும்புறதுக்கு முன்னாடி" என்று வில் நுனியால் அவனுடைய தாளில் காட்டினாள். காட்டிவிட்டு என்னையும் ஒரு தரம் பார்த்தாள். என் தாள்கள் எப்படி விரித்திருந்தன என்பதை அன்றைக்கு மேடையில் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள்.

இந்த வருஷமும் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். நடுவர் அறிக்கையில் எழுதியிருந்தாராம், அதனால் பக்கம் திருப்ப தனியாக ஓர் ஆள் போட்டிருக்கிறோம், இனிமேல் அந்தத் தொல்லை வராது என்று செயலாளர் வாட்ஸ்அப்பில் எழுதினார். நன்றி என்று பதில் போட்டேன்.