அரைச் சுற்று சுற்றி நிற்கும் விசிறி

சனிக்கிழமை, மாலை

வீட்டில் இருந்த பழைய கணினி 2009-ல் வாங்கியது. அப்பா எடுத்த நெகட்டிவ் படங்களை ஸ்கேன் செய்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து, அது ஒரு படத்தைத் திறப்பதற்குள் காபி போட்டுக் குடித்துவிட்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிடலாம். புதிது வாங்கியே ஆக வேண்டும் என்றானதும், பாகங்களாக வாங்கி நானே கட்டுவது என்று முடிவு செய்தேன். பல வருட ஆசை. வீட்டில் யாரும் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

தஞ்சாவூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் எழும்பூர் போய், அங்கிருந்து கணினிப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெரு. நான் போய் நின்ற நேரத்தில் பாதிக் கடைகள் திறந்திருக்கவில்லை. நரசிங்கபுரம் தெரு வரை நடந்து, ஒரே பட்டியலை ஐந்து கடைகளில் விலை கேட்டு, கடைசியில் முதல் கடையிலேயே வாங்கினேன். கணினியின் மூளையாக ரைசன் 5 5600ஜி பிராசசர். படம் காட்டும் பகுதி அதற்குள்ளேயே இருப்பதால் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையாக, பி550 சிப்செட் வைத்த, மைக்ரோ-ஏடிஎக்ஸ் என்ற சிறிய அளவு மதர்போர்டு, தற்காலிக நினைவகமாக 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, கோப்புகளைச் சேமிக்க 500 ஜிபி எஸ்எஸ்டி, இவற்றுக்கெல்லாம் மின்சாரம் தரும் 550 வாட் எஸ்எம்பிஎஸ், ஒரு கேபினெட். மதர்போர்டும் கேபினெட்டும் எந்த நிறுவனத்துடையவை என்பது இந்தக் கதைக்கு அவசியமில்லை.

கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தேன். கேபினெட்டின் உள்தகட்டில் மூன்று வரிசையாக ஒன்பது துளைகள். மதர்போர்டு தகட்டில் படாமல் தூக்கி நிறுத்த, அந்தத் துளைகளில் சின்னப் பித்தளைத் தாங்கிகளைத் திருக வேண்டும், ஸ்டாண்டாஃப் என்பார்கள். பொட்டலத்தில் ஒன்பது இருந்தன, ஒன்பதையும் திருகினேன். மேலே பலகையை வைத்து ஸ்க்ரூ போட்டேன். ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. உபரி என்று நினைத்து டப்பாவில் போட்டு வைத்தேன்.

எல்லா வயரையும் செருகி முடித்தபோது மணி ஆறரை. பிளஸ் ஒன் படிக்கும் மகள் கேபினெட்டின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பொத்தானை அழுத்தினேன். பிராசசர் விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. மறுபடி அழுத்தினால் அதுவும் இல்லை. பின்பக்க சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் காத்திருந்து, மீண்டும் போட்டு அழுத்தினால் மறுபடி அந்த அரைச் சுற்று.

சனிக்கிழமை, இரவு

முதல் சந்தேகம் பிராசசருக்குத் தனியாக வரும் 8 முள் மின் இணைப்பின் மேல். புதிதாகக் கட்டுகிறவர்கள் பலர் அதை மறந்துவிடுவார்களாம். நான் மறக்கவில்லை. கழற்றி, கிளிக் என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்திச் செருகினேன். மாற்றமில்லை.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். அதைத் தனியாகச் சோதிக்க ஒரு ஜெம் கிளிப் போதும். மதர்போர்டிலிருந்து எல்லா இணைப்புகளையும் பிடுங்கிவிட்டு, 24 முள் இணைப்பில் 16-ஆம் முள்ளையும் பக்கத்தில் இருக்கும் எர்த் முள்ளையும் கிளிப்பால் இணைத்தால், ‘பொத்தானை அழுத்திவிட்டார்கள்’ என்று எஸ்எம்பிஎஸ் நினைத்துக்கொள்ளும். முன்பெல்லாம் 16-ஆவது பச்சை வயர், எர்த் கறுப்பு வயர், பார்த்ததும் தெரியும். என்னுடையதில் அழகுக்காக எல்லா வயரும் கறுப்பு. படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று முறை எண்ணினேன். எஸ்எம்பிஎஸ்ஸின் விசிறி நிற்காமல் ஓடியது. மல்ட்டிமீட்டரில் 12.1, 5.0, 3.3 வோல்ட். அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் ஐந்து விழுக்காடு. அதாவது 12 வோல்ட் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருந்தால் சரி. ஆகவே எஸ்எம்பிஎஸ் மேல் பழி போட வழியில்லை. சுமை இல்லாமல் அளந்ததை வைத்து முழுத் தீர்ப்பு சொல்லக் கூடாதுதான். ஆனால் அந்த நேரத்தில் ஒரு பாகமாவது குற்றமற்றது என்று நம்பினால்தான் தூங்க முடியும் போலிருந்தது.

ஞாயிறு

எல்லாவற்றையும் கழற்றி, மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே அதை வைத்தேன். பிராசசர், விசிறி, ஒரே ஒரு ராம், மானிட்டர் வயர். வேறெதுவும் இல்லை, எஸ்எஸ்டி கூட இல்லை. இப்போது பொத்தான் கிடையாது. அதற்கான இரண்டு முள்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொட வேண்டும். மனைவி அந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டு, செருப்பாவது போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

விசிறி ஓடியது, நிற்கவில்லை! நேற்று ஏதோ ஒரு வயர் சரியாக உட்காரவில்லை போலும் என்று எழுதி வைத்தேன். அந்தக் குறிப்பை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். ஒரே நேரத்தில் பத்து மாற்றம் செய்துவிட்டு, எதனால் சரியானது என்று ஊகித்த மடத்தனத்துக்கு அது சாட்சி.

ஆனால் டிஸ்ப்ளே வரவில்லை. பலகையின் ஓரத்தில் நான்கு குட்டி விளக்குகள் உண்டு: பிராசசர், ராம், கிராபிக்ஸ், பூட். கணினி எழுந்ததும் தன்னைத் தானே சோதித்துக்கொண்டு வரும்; எந்தக் கட்டத்தில் தடுக்குகிறதோ அந்த விளக்கு எரிந்தபடி நிற்கும். என்னுடையதில் பிராசசர் விளக்கு சிவப்பாக நின்றது.

விளக்கு பிராசசரைக் காட்டும்போது நான் ராமைத் தேய்த்துக்கொண்டிருந்தேன் என்றால் சிரிப்பீர்கள். பழைய கணினியில் பதினான்கு வருடம் அப்படித்தான் ஓட்டினேன்: டிஸ்ப்ளே வராவிட்டால் ராமைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் தங்க முனைகளைத் தேய்த்து, திரும்பச் செருகுவது. பளபளக்கும் புது ராமுக்கும் அதே வைத்தியம். இரண்டையும் மாற்றி மாற்றி, நான்கு ஸ்லாட்டிலும் போட்டுப் பார்த்தேன். பிறகு பலகையில் இருக்கும் வட்ட பேட்டரியைப் பத்து நிமிடம் கழற்றி வைத்தேன். சிஆர்2032 என்ற அதன் பெயரே அதன் அளவுதான்: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். காத்திருந்த நேரத்தில் கிடைத்த ஞானம் அது ஒன்றுதான். சிவப்பு விளக்கு அசையவில்லை.

மதியத்துக்கு மேல் துணிந்து பிராசசரையே எடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். விசிறியின் நான்கு ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, மெதுவாகத் தூக்கினேன். மெதுவாகத்தான் தூக்கினேன். ஆனாலும் பூட்டிய நெம்புகோல் பூட்டியபடியே இருக்க, இரண்டுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தத் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு பிராசசரும் கூடவே வந்துவிட்டது. இந்த பிராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட் வகையில் முள்கள் பிராசசரின் அடியில் இருக்கும், மொத்தம் 1331. ஒன்று வளைந்தாலும் சங்கடம். தூக்குவதற்கு முன் விசிறியை இடமும் வலமும் கொஞ்சம் திருகி, ஒட்டை விடுவித்திருக்க வேண்டும் என்பதைப் பிறகுதான் படித்தேன். மொபைல் டார்ச்சையும் அப்பாவின் பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு, வயல் வரப்பைப் பார்ப்பதுபோல் வரிசை வரிசையாகப் பார்த்தேன். ஒரு முள்ளும் சாயவில்லை. அன்றைக்கு வேறெதையும் தொடவில்லை.

திங்கள்

அலுவலகம். திரும்பும் வழியில் மருந்துக் கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட், கணினிக் கடையில் தெர்மல் பேஸ்ட் ஒரு சிரிஞ்சு.

செவ்வாய்

சர்வீஸ் கடை வைத்திருக்கும் நண்பரை வீட்டுக்கு அழைத்தேன். அவர் எதையும் கழற்றவில்லை. பலகையைக் கையில் எடுத்து, 24 முள் இணைப்பின் அருகே ஒட்டியிருந்த நகம் அளவு ஸ்டிக்கரைப் படித்துவிட்டுக் கேட்டார்: “பயாஸ் என்ன வெர்ஷன் என்று பார்த்தீர்களா சார்?”

பார்க்கவில்லை. கணினி எழுந்ததும் முதலில் ஓடும், பலகையிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்தான் பயாஸ். பலகை தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில், எந்த பிராசசருக்கு எந்த பயாஸ் பதிப்பு குறைந்தபட்சம் வேண்டும் என்ற பட்டியல் இருந்தது. ஸ்டிக்கரில் இருந்த பதிப்பு, 5600ஜி-க்கு வேண்டியதைவிடப் பல படிகள் பின்தங்கியது. காரணம் எளிது. பி550 பலகைகள் 2020 ஜூனில் வந்தவை. 5600ஜி கடைக்கு வந்தது 2021 ஆகஸ்டில். என்னுடைய பலகை ஆரம்பத்திலேயே தயாராகி, எங்கோ ஒரு கிடங்கில் தூங்கியிருக்கிறது. அதற்கு இந்த பிராசசர் யாரென்றே தெரியாது. சாக்கெட் பொருந்துகிறது, சிப்செட் பொருந்துகிறது என்று பார்த்து வாங்கிய எனக்கு, மென்பொருளும் பொருந்த வேண்டும் என்பது எட்டவில்லை.

வேறொரு பழைய பிராசசரைக் கடன் வாங்கிப் போட்டு பயாஸை மேம்படுத்துவது ஒரு வழி. நல்லவேளையாக என் பலகையின் பின்புறம் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. பிராசசரே இல்லாவிட்டாலும், மின் இணைப்பு மட்டும் கொடுத்து, பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் வசதி.

“கரன்ட் போகாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள் சார்” என்று சொல்லிவிட்டு நண்பர் கிளம்பினார். காசு வாங்கவில்லை, காபி குடித்தார்.

புதன், அதிகாலை

ஐந்து மணிக்கு எழுந்து, எஸ்எம்பிஎஸ் வயரை இன்வெர்ட்டர் பிளக்கில் செருகினேன். பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து (உள்ளே இருந்த கந்த சஷ்டி கவசத்தை முதலில் வேறிடத்தில் பத்திரப்படுத்தினேன், இல்லையென்றால் வேறு பிரச்சினை வரும்), கோப்புக்கு அவர்கள் சொன்ன பெயரைக் கொடுத்து, அதற்கென்று குறியிட்ட யுஎஸ்பி துளையில் செருகி, பொத்தானை அழுத்தினேன். விளக்கு ஐந்தாறு முறை கண் சிமிட்டி நின்றுவிட்டது.

பிசகு என்னுடையதுதான். விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்து வைத்திருந்ததால், நான் கொடுத்த பெயரில் ‘ராம்’ என்று ஒலிக்கும் ‘.ROM’ பின்னொட்டு இரண்டு முறை விழுந்திருந்தது. கணினி பூராவும் ராமநாமம். பின்னொட்டைக் காட்டச் சொல்லி, பெயரைத் திருத்தி, மறுபடி அழுத்தினேன். இம்முறை விளக்கு நிற்காமல் சிமிட்டியது. ஏறத்தாழ ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடமும் கூடத்தில் யாரையும் நடக்க விடவில்லை.

பிராசசரையும் விசிறியையும் மாட்டி, முள்ளைத் தொட்டேன். சிவப்பு விளக்கு வந்தது, போனது. ராம் விளக்கு வந்தது, போனது. மானிட்டரில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள்! புது பிராசசர் வந்திருக்கிறது, பாதுகாப்புக்கான எஃப்டிபிஎம் பகுதியை மீட்டமைக்கலாமா, ஆம் அல்லது இல்லை சொல் என்று கேட்டது. பூட்டி வைத்த தரவு ஏதாவது இருந்தால் யோசிக்க வேண்டிய கேள்வி. காலி எஸ்எஸ்டி வைத்திருக்கிறவனுக்கு யோசனை எதற்கு? ஆம் என்றேன். பயாஸ் திரை வந்தது. மகளை எழுப்பிக் காட்டினேன். “இதைத்தான் நாலு நாளாகத் தேடினீர்களா அப்பா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

புதன், இரவு

எல்லாவற்றையும் திரும்பக் கேபினெட்டுக்குள் பொருத்தினேன். எட்டு ஸ்க்ரூ. பொத்தானை அழுத்தினேன்.

அரைச் சுற்று.

சாப்பிடாமல் படுத்தேன்.

வியாழன்

தூக்கம் வராததில் ஒரு நன்மை, கணக்கு ஓடியது. அட்டைப்பெட்டி மேல் ஓடுகிறது, கேபினெட்டுக்குள் ஓடவில்லை. பயாஸ் பழையதாக இருந்தபோதும் அட்டை மேல் விசிறி நிற்காமல்தான் ஓடியது. அப்படியானால் அரைச் சுற்றுக்கும் பயாஸுக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு தனித்தனி நோய்கள். ஒன்றின் மருந்தை இரண்டுக்கும் சேர்த்துக் கணக்கு எழுதியிருக்கிறேன். அட்டைக்கும் கேபினெட்டுக்கும் என்ன வித்தியாசம்? அட்டையில் மின்சாரம் பாயாது. இரும்பில் பாயும்.

விடிந்ததும் முன்பக்கப் பொத்தான் வயரை நீக்கிவிட்டு, கேபினெட்டுக்குள்ளேயே ஸ்க்ரூ டிரைவரால் முள்ளைத் தொட்டேன். அதே அரைச் சுற்று. ஆகவே பொத்தான் காரணமில்லை. பலகையைக் கழற்றிக் கவிழ்த்தேன். கீழ் மூலையில், சாலிடர் முனைகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில், பென்சில் முனை அளவுக்கு வட்டமாக ஒரு பளபளப்பு. ஏதோ ஒன்று அங்கே அழுந்தியிருக்கிறது. பலகையின் துளைகளை எண்ணினேன்: எட்டு. தகட்டில் நான் திருகிய தாங்கிகளை எண்ணினேன்: ஒன்பது.

டப்பாவைத் திறந்து மிஞ்சிய ஸ்க்ரூவைப் பார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலமே அது சொன்னது.

ஒன்பதாவது தாங்கிக்கு மேலே பலகையில் துளையே இல்லை. அந்தத் துளை வேறு அமைப்புள்ள பலகைகளுக்கானது. பித்தளை முனை சாலிடர் முனைகளில் முட்டி, அங்கே வரும் மின்சாரத்தை நேராகக் கேபினெட்டின் தகட்டுக்கு, அதாவது எர்த்துக்கு, இறக்கிவிட்டிருக்கிறது. எஸ்எம்பிஎஸ் அதைக் கண்டதும் கணத்தில் தன்னை அணைத்துக்கொண்டிருக்கிறது. விசிறிக்கு அரைச் சுற்றுக்குத்தான் நேரம் கிடைத்திருக்கிறது. பின்பக்க சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் மறுபடி முயன்றதற்கும் அதுவே காரணம். பாதுகாப்புப் பூட்டு விழுந்தால் அப்படித்தான் விடுபடும். நான் சனிக்கிழமை சந்தேகப்பட்ட அந்த எஸ்எம்பிஎஸ்தான் ஒவ்வொரு முறையும் பலகையைக் காப்பாற்றியிருக்கிறது.

குறட்டால் தாங்கியைத் திருகி எடுத்தேன். பலகையை வைத்தேன், எட்டு ஸ்க்ரூ போட்டேன், பொத்தானை அழுத்தினேன். ஓடியது. அலுவலகத்துக்கு நாற்பது நிமிடம் தாமதம்.

அடுத்த ஞாயிறு

விண்டோஸ் ஏற்றியாகிவிட்டது. ராம் 2666 வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில், ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போட்டதும் பெட்டியில் எழுதியிருந்த 3200 வந்தது. அப்பாவின் நெகட்டிவ்களில் 1984 என்று எழுதிய உறையைத் திறந்திருக்கிறேன். படம் உடனே திறக்கிறது. காபிக்கு வேறு சாக்கு தேட வேண்டும். முன்பக்கத்தில் டிஸ்க் ஓடுவதைக் காட்டும் குட்டி விளக்கு மட்டும் எரியவில்லை. கூட்டல் கழித்தல் மாறிச் செருகியிருப்பேன். திருப்பிப் போட இரண்டு நிமிடம் ஆகும். ஆனால் இந்த மாதம் அந்தக் கேபினெட்டைத் திறப்பதாக இல்லை.