மாமியார் பெயரை விட்டுவிடாதீர்கள்

கணவர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம்தான் கடைசிப் படிவத்தையும் கொடுத்து முடித்தேன். நாளைக்கு எங்கே போகவேண்டும், யாரைப் பார்க்கவேண்டும் என்று தெரிந்து நான் படுத்த இரவு இந்த ஐந்து மாதத்தில் ஒன்றுகூட இல்லை. என்னைப் போல் நிற்கும் யாருக்காவது ஒரு நடையாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

இறப்புச் சான்றிதழிலேயே முதல் அலைச்சல். நாங்கள் இருப்பது திருப்பூர் பக்கம். அவர் இறந்தது கோவை மருத்துவமனையில். எங்கள் ஊர் அலுவலகத்தில் அரை நாள் வரிசையில் நின்ற பிறகுதான், இறந்த இடத்தில்தான் பதிவு செய்வார்கள் என்று சொன்னார்கள். 21 நாளுக்குள் பதிவாகிவிட்டால் கட்டணம் இல்லை. பெயரின் எழுத்துகளை ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மருத்துவமனையை விட்டு வாருங்கள். அந்த நேரத்தில் யாருக்கும் அது தோன்றாது. கூட இருக்கும் உறவினராவது பார்க்கவேண்டும்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் "யார் யார் வாரிசு?" என்று கேட்டார்கள். என் பெயரையும் இரண்டு பிள்ளைகள் பெயரையும் சொன்னேன். ஒரு மாதம் கழித்து விண்ணப்பம் நிராகரிப்பு. காரணம் கேட்கத் தாலுகா அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். "சரியாகப் போட்டுக் கொண்டு வாங்க" என்பதற்கு மேல் ஒரு சொல் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் சின்னவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனவள் நான். அந்த எழுத்தர் ஒரு வரி சொல்லியிருக்கலாம். இன்றும் அந்தக் கோபம் ஆறவில்லை.

கடைசியில் எங்கள் ஊர்த் தலையாரிதான் சொன்னார்: "அவங்க அம்மா உயிரோடதானே இருக்காங்க? அவங்க பேரு எங்கே?" 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. தந்தை அந்த வகுப்பில் வரமாட்டார். எனக்குத் தெரியாது. வீட்டில் விஷயம் அத்தை காதில் விழுந்தது. "அவனைப் பெற்றவள் நான் இல்லையா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அன்று இரவு இரண்டு பேரும் சாப்பிடவில்லை. மறுநாள் அவருடைய ஆதாரையும் சேர்த்துப் புதிதாக விண்ணப்பித்தேன். கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ), வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ), தாசில்தார் என்று எல்லோரிடமும் தடையில்லாமல் முடிந்தது.

வருங்கால வைப்பு நிதி, அதாவது பிஎஃப் விஷயத்தில் எல்லோரும் கவனமாக இருங்கள். அவர் வேலை பார்த்த கம்பெனியில் படிவம் 20 மட்டும் நீட்டினார்கள். அது சேர்ந்த பணத்துக்கு. விதவை ஓய்வூதியத்துக்குப் படிவம் 10டி தனி. பணியில் இருக்கும்போதே இறந்தால் காப்பீட்டுப் பணமும் உண்டு. அதற்குப் படிவம் 5ஐஎஃப். உச்சமாக 7 லட்சம் வரை வரக்கூடிய அந்தப் பணத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆடிட்டரிடம் வேலை பார்க்கும் எதிர்வீட்டுத் தம்பி கேட்டிருக்காவிட்டால் விட்டுப்போயிருக்கும். பிஎஃப் கணக்கில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால் என்று இருந்ததைத் திருத்தவே ஆறு வாரம் போயிற்று. கணவர் நலமாக இருக்கும்போதே இதைச் சரிபார்த்து, நியமனதாரர் பெயரையும் பதிந்துவிடுங்கள். அபசகுனம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

பணம் இன்னும் வரவில்லை. வாடகை, பெரியவனுடைய பள்ளிக் கட்டணம் எல்லாம் நிற்கின்றன. ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். இரவு ஒன்பது வரை வேலை நீண்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று நேற்று வாய்விட்டுப் புலம்பினேன். அரிசி களைந்துகொண்டிருந்த அத்தை திரும்பாமலே, "நான் இருக்கிறேன், போய் வா" என்றார்.