அந்த வரியை விட்டுவிடுங்கள் ஐயா

ஈஸ்டர் முந்தைய இரவு வழிபாட்டில் பாடும் நீண்ட பாடல் பாஸ்கா புகழுரை. அதைத் திருத்தொண்டர், அதாவது குருவுக்கு அடுத்த நிலையில் இருப்பவர், பாட வேண்டும். அவர் இல்லையென்றால் குருவானவர். அவருக்கும் முடியாதபோது பொதுநிலையினர் (சாதாரண விசுவாசி) ஒருவர் பாடலாம். ஆனால் 'ஆண்டவர் உங்களோடு இருப்பாராக' என்பதையும் அதற்கு முன்னால் வரும் பத்தியையும் விட்டுவிட வேண்டும். திருப்பலி நூலிலேயே இருக்கிற விதி இது, நானாகச் சொன்னதில்லை.

புனித சனி ஒத்திகையில் உபதேசியார் ஐயாவிடம் இதைத்தான் சொன்னேன். அவர் புத்தகத்தில் பென்சிலால் கோடும் போட்டுவிட்டேன்.

"நான் சொன்னா அவர் இருக்க மாட்டாராமா கண்ணு?" என்றார். கோபமில்லை. சிரித்த மாதிரிகூட இருந்தது.

"ரூல் அப்படி ஐயா."

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? பாடகர் குழுவுக்குப் பொறுப்பு நான். அந்த வாழ்த்து திருநிலை, அதாவது குரு அல்லது திருத்தொண்டர் பட்டம், பெற்றவர்களுக்கு உரியது. குரல் நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கைமாறாது. சரிதான். ஆனால் தர்மபுரி மறைமாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிவதற்கு முந்தைய காலத்து ஆள் அவர். சாமியார் எப்போதாவது வந்துபோகும் கிளை ஊரில் ஞாயிறு செபம், ஞானோபதேசம், சாவு வீட்டுச் செபம் எல்லாம் அவர் குரலில்தான் நடந்தன. அவரிடம் போய் நான் ரூல் பேசினேன்.

அதுவும் எந்த நான்? தவக்காலத்தில் இசைக்கருவி பாட்டைத் தாங்குவதற்கு மட்டும்தான் என்றும் விதி இருக்கிறது. நான் கீபோர்டில் ஸ்டைல் போட்டு, சரணத்துக்குச் சரணம் இடையிசை வாசிக்கிறேன். 1963இல் வந்த இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு வழிபாட்டில் கிரகோரியன் இசைக்கு, அந்தப் பழைய இலத்தீன் பாடல் முறைக்கு, முதலிடம் என்கிறது. கிருஷ்ணகிரி பக்கம் அதைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? அந்த விதிகளை நான் யாரிடமும் நீட்டியதில்லை. ஆனால் அவையெல்லாம் இசை பற்றியவை, இது திருநிலை பற்றியது, இரண்டும் ஒன்றல்ல என்றும் தோன்றுகிறது. பாதி நாள் இப்படி, பாதி நாள் அப்படி.

அன்றிரவு ஐயா நன்றாகவே பாடினார். கோடு போட்ட இடம் வந்ததும் நிறுத்தினார். மூச்சு வாங்கத்தான் என்று நினைத்தேன். அதற்குள் கோயில் முழுக்க, யாரும் வாழ்த்தாமலே, "உம்மோடும் இருப்பாராக" என்றது. அவர் நிதானமாக, "இதயங்களை மேலே எழுப்புங்கள்" என்று தொடர்ந்தார். ஒரு சொல்கூட விதியை மீறவில்லை.

வேண்டுமென்றேதான் நிறுத்தினாரா? கேட்கவில்லை. கேட்டால் மூச்சிரைப்பு என்பார். அந்த வயதில் மூச்சிரைப்பு வராதா என்ன? பூசைக்குப் பிறகு ஃபாதர், "மக்கள் நல்லா பதில் சொன்னாங்க" என்று என்னைப் பாராட்டினார்.

அடுத்த வருடம் தொண்டை சரியில்லை என்று ஐயா வரவில்லை. குழுவிலிருந்து ஒரு பெண் பாடினாள். அந்த இடத்தை நிற்காமல் கடந்தாள், யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடிதான். இந்த முறை புது ஃபாதர் தானே பாடப்போகிறாராம். அவர் அந்த வரியைத் தாராளமாகச் சொல்லலாம். சுருதிதான் நிற்காது.