கடல் தொட்டி: முதல் இரண்டு மாதம்

ஏப்ரல் 5
ரொம்ப நாள் ஆசைக்கு இன்று இடம் ஒதுக்கியாயிற்று. ஹாலில் வெயில் படாத சுவரோரம், கடல் மீன் வளர்க்க இரண்டடி நீளத் தொட்டி. கல்லெல்லாம் வைத்த பிறகு 100 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். சென்னை வீட்டு போர் தண்ணீர் இதற்கு உதவாது. குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீரிலும் கொஞ்சம் சிலிகேட், பாஸ்பேட் தங்கிவிடும். பாசிக்கு அதுதான் தீனி. அதனால் அந்த மிச்சத்தையும் பிடித்துவிடும் டி.ஐ. ரெசின் சேர்த்த வடிகட்டி வாங்கி, கரைந்திருக்கும் உப்புகளின் அளவான டி.டி.எஸ். பூஜ்யம் காட்டும்வரை விடவில்லை.

ஏப்ரல் 12
உப்பு கலக்கும் நாள். சமையல் உப்பு வெறும் சோடியம் குளோரைடு. கடல் தொட்டிக்கென்று விற்கும் உப்பில் கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சேர்ந்திருக்கும். 100 லிட்டருக்கு மூன்றரைக் கிலோவுக்கு மேல் பிடித்தது. தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும். உப்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் சுண்ணாம்பாகத் திரண்டு அடியில் படிந்துவிடும். ஒரு நாள் முழுக்க மோட்டார் ஓடியபின் அடர்த்தி 1.025, கடல் தண்ணீரைப் போல.

ஏப்ரல் 13
கல் வாங்கப் போன இடத்தில், கடலிலிருந்தே எடுத்த உயிர்க்கல், அதாவது சிறு உயிர்கள் குடியிருக்கும் பவளக்கல், தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். கல்பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் என்னால் வாங்கியிருக்க முடியாது. தூத்துக்குடியில் தாத்தா வீட்டுச் சுவரே பவளக்கல்தான். பூப்பூவாக இருக்கும் அந்தக் கல்லில் விரல் வைத்து விளையாடியிருக்கிறேன். அப்படிச் சுவருக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் வெட்டியெடுத்ததில்தான் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் போயின. ஒரு தொட்டிக்காக இன்னும் ஒரு கல்லைப் பெயர்க்க வேண்டாம். 12 கிலோ உலர் கல் வாங்கி வந்தேன்.

ஏப்ரல் 14
புத்தாண்டுப் பாயசம் ஆனதும் கல்லை அடுக்கினேன். மீன் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா முதலில் வளர வேண்டும். அதற்குத் தீனியாக அம்மோனியம் குளோரைடு சொட்டுச் சொட்டாக விட்டு அம்மோனியா 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வந்ததும் நிறுத்தினேன். மீன் விட்டுச் சோதிக்கும் வழக்கம் உண்டு. அந்த மீன் படும் பாடு தெரிந்தபின் செய்ய மனம் வரவில்லை.

ஏப்ரல் 29
அம்மோனியா இறங்குகிறது, நைட்ரைட் ஏறுகிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் முதல் கூட்டத்து பாக்டீரியா வந்துவிட்டது. நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் இரண்டாவது கூட்டம் மெதுவாகத்தான் வரும்.

மே 10
அக்னி நட்சத்திரம். தொட்டியில் 32 டிகிரி. மேலே ஒரு ஃபேன் வைத்ததில் மூன்று டிகிரி குறைந்தது, ஆனால் தினமும் இரண்டு லிட்டர் ஆவியாகிறது. குறைந்ததை ஐந்து நாளாக உப்புத் தண்ணீராலேயே நிரப்பியிருக்கிறேன்! இன்று பார்த்தால் அடர்த்தி 1.027-ஐத் தாண்டியிருக்கிறது. அப்பாவிடம் போனில் சொன்னேன். உப்பளத்தில் 30 வருஷம் கணக்குப் பார்த்தவர்.

“பாத்தியில என்னல நடக்கு? வெயிலு தண்ணிய எடுத்துக்கிடும், உப்பு அங்கனயேதான கெடக்கும்.”

அவ்வளவுதான் விஷயம். ஆவியானதற்கு நல்ல தண்ணீர் மட்டுமே. உள்ளே உயிர் எதுவும் இல்லாத நேரத்தில் இந்தத் தவறு நடந்ததே என்று நிம்மதியாக இருக்கிறது. கொஞ்சம் எடுத்துவிட்டு வடிகட்டிய தண்ணீர் ஊற்றி, இரண்டு நாளில் சரிக்குக் கொண்டுவர வேண்டும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் சென்னைக் கோடையைத் தாண்ட முடியாது என்பதும் புரிந்துவிட்டது. ஆர்டர் போட்டாயிற்று.

மே 25
அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20. கல்லெல்லாம் பழுப்பாகப் படிந்திருக்கிறது. டயட்டம் என்ற நுண்பாசிதான், புதுத் தொட்டியில் வரும், தானே போகும். நைட்ரேட்டைக் குறைக்க 30 லிட்டர் தண்ணீர் மாற்றினேன்.

ஜூன் 7
கோமாளி மீன் ஒரு ஜோடி வந்தது. கடலில் பிடித்ததில்லை, குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்தவை. ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இந்த மீன்களைப் பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள் என்று படித்ததிலிருந்தே, முதல் மீன் இப்படிப்பட்டதுதான் என்று முடிவு செய்திருந்தேன். கடலில் இவை குடியிருக்கும் கடல்தாமரை என்ற உயிரினம் இல்லாமலும் நன்றாக வாழும். எல்லாம் ஆணாகவே வளர்ந்து, ஜோடியில் பெரியது பெண்ணாகிவிடும்.

பையோடு மிதக்கவிட்டு, அப்புறம் மெல்லிய குழாயில் ஒரு மணி நேரம் தொட்டித் தண்ணீரைச் சொட்டவிட்டேன். உள்ளே விட்டதும் இரண்டும் மூலையில் ஒட்டிக்கொண்டன. விளக்கை அணைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இரவு 10 மணி: 26 டிகிரி, 1.025. பெரியது இரண்டு வாய் தின்றது. சின்னது இன்னும் தொடவில்லை.